கொடுக்காத பட்: கோல்ஃபில் பெருந்தன்மையும் விதிப்புத்தகமும்

குழிக்கு நான்கடி தூரத்தில் பந்து. மெல்லத் தட்டி உள்ளே உருட்ட வேண்டிய அடி, கோல்ஃபில் அதற்குப் பட் என்று பெயர். உள்ளே விழுந்தால் ஆட்டம் முடிந்தது, அடித்தவர் இறுதிப் போட்டிக்குப் போய்விடுவார். விழவில்லை. குழியைத் தாண்டிச் சில அங்குலம் தள்ளிப் போய் நின்றது. அடித்த பெண் ஏமாற்றத்தில் மட்டையாலேயே பந்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் பந்தை யாரும் தவறவிடப் போவதில்லை, 'சரி, எடுத்துக்கோ' என்று எதிராளி சொல்லிவிடுவது வழக்கம், அந்தப் பழக்க தோஷம்தான். ஆனால் எதிராளி அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. தோல்வியைப் பார்க்க மனமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றதாக அவர் பிறகு சொன்னார். கண்ணைத் திறந்தபோது பந்து எடுக்கப்பட்டாயிற்று. 'நான் கொடுக்கவில்லையே' என்று அவர் வாயிலிருந்து வந்தது.

எதிராளி கொடுக்காத பந்தை எடுத்தால் ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஓர் அடி, அபராதம். அந்த ஒன்றில் ஆட்டமே போயிற்று. பதினெட்டுக் குழி ஆடியும் சமமாக இருந்ததால் ஆடிய கூடுதல் குழி அது, அதில் தோற்றவர் வெளியே. 2017 ஜூலையில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் நடந்த அமெரிக்கச் சிறுமியர் ஜூனியர் சாம்பியன்ஷிப்பின் அரையிறுதி இது. இருவரும் பள்ளி வயதினர், பெயர் இங்கே வேண்டாம். தூரம் தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்றார் ஜெயித்தவர். அதைக் கேட்கும் நிலையில் சமூக வலைத்தளங்கள் இல்லை. கோப்பைக்காகப் பண்பை விற்றவள் என்று ஒரு கூட்டம், விதி என்றால் விதிதான் என்று இன்னொரு கூட்டம்.

விதி பெரிதா, பண்பு பெரிதா என்று பட்டிமன்றத் தலைப்பாக்கிவிட்டால் இரண்டு பக்கமும் வெளுத்து வாங்கலாம். ஆனால் கோல்ஃபின் விதிப்புத்தகத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் புரட்டினால் அந்தத் தலைப்பே சரியில்லை என்று தெரியும். பெருந்தன்மைக்கு எங்கே இடம், எங்கே இடமில்லை என்பதை அந்தப் புத்தகமே வரைந்து வைத்திருக்கிறது. அது கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நீங்கள் விட்டுக்கொடுப்பது உங்களுடைய பொருளையா, அடுத்தவன் பொருளையா?

இதைப் புரிந்துகொள்ள கோல்ஃப் இரண்டு விதமாக ஆடப்படுவதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேட்ச் பிளே என்பது ஒருவருக்கு ஒருவர் மல்லுக்கட்டு. ஒவ்வொரு குழியும் தனித்தனிச் சண்டை, அதிகக் குழிகளை ஜெயித்தவர் வெற்றியாளர். ஸ்ட்ரோக் பிளேயில் களத்திலுள்ள எல்லோரும் எல்லோருக்கும் எதிராளி. மொத்தம் எத்தனை அடி என்பதே கணக்கு. மேட்ச் பிளேயில் எதிராளியின் அடுத்த அடியையோ, குழியையோ, முழு ஆட்டத்தையுமோகூட நீங்கள் கொடுத்துவிடலாம். கொடுத்தால் கொடுத்ததுதான். வாங்குபவர் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, கொடுத்தவர் திரும்பப் பெறவும் முடியாது. ஸ்ட்ரோக் பிளேயில் கொடுப்பது என்ற பேச்சே கிடையாது. அரை அங்குலத்தில் நின்றாலும் தட்டி உள்ளே போட்டாக வேண்டும். போடாமல் அடுத்த டீயிலிருந்து, அதாவது அடுத்த குழிக்கான தொடக்க இடத்திலிருந்து, அடித்துவிட்டால் போட்டியிலிருந்தே நீக்கம்.

காரணம் எளிது. மேட்ச் பிளேயில் நான் விட்டுக்கொடுத்தால் நஷ்டம் எனக்கு மட்டும். ஸ்ட்ரோக் பிளேயில் என்னோடு ஆடுகிறவருக்கு நான் ஓர் அடியைத் தள்ளுபடி செய்தால், மூன்று குழி தள்ளி ஆடிக்கொண்டிருக்கும், எங்கள் முகத்தையே பார்க்காத ஒருவர் அந்த ஓர் அடியில் தோற்கலாம். அவர் சார்பில் தாராளமாக இருக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்கிற கதை அது. கூட ஆடுகிறவர் விதி மீறியதைப் பார்த்தால் ஸ்ட்ரோக் பிளேயில் அதைச் சொல்லத்தான் வேண்டும் என்று புத்தகம் எதிர்பார்ப்பது இதனால்தான். பார்க்கிறவர்களுக்கு அது போட்டுக்கொடுப்பது போலத் தெரியலாம். களத்தில் இல்லாதவர்களுக்காக வாய் திறப்பது என்றும் அதைப் பார்க்கலாம். எனக்கு இரண்டாவதுதான் படுகிறது.

மேட்ச் பிளேயில் இதற்கு நேர்மாறு. எதிராளி விதி மீறியது தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விடலாம், அதற்கு வெளிப்படையான அனுமதியே உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: இருவரும் பேசி வைத்துக்கொண்டு விடக் கூடாது. ஒருவர் தானாக விடுவது பெருந்தன்மை, இருவர் சேர்ந்து முடிவெடுத்தால் அது விதியை ரத்து செய்வது. தெரிந்தே அப்படி ஒப்புக்கொண்டு ஆடினால் இருவருமே நீக்கம். இன்னும் நுணுக்கமான இடம் ஒன்று இருக்கிறது. 'இன்றைக்கு இவ்வளவு தூரத்துக்கு உள்ளே இருந்தால் எல்லாமே கொடுத்ததாக வைத்துக்கொள்வோம்' என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்வதும் கூடாது. கொடுப்பதென்றால் ஒவ்வொரு முறையும், அந்தந்தப் பந்தைப் பார்த்து, வாய்விட்டோ சைகையிலோ தெளிவாகக் கொடுக்க வேண்டும். மொத்தமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் தாராளத்தை கோல்ஃப் ஏற்பதில்லை.

அமெச்சூர்கள், அதாவது ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நண்பர்களோடு ஆடும் வார இறுதி ஆட்டங்களில் குட்டைப் பட்டை யாரும் போட்டு முடிப்பதில்லை. பந்து குழியருகே நின்றதும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த டீயை நோக்கி நடப்பார்கள். வருடக்கணக்கில் கைக்கு அப்படியே பழகிவிடுகிறது. அப்புறம் ஒருநாள் போட்டியில், மனசு படபடக்கும் நேரத்தில், மூளையைக் கேட்காமல் கை தானாகப் போய் எடுத்துவிடுகிறது. மிசூரியில் நடந்ததும் அதுதான். ஏமாற்றும் எண்ணம் இருவரில் ஒருவருக்கும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

இந்த விளையாட்டின் நேர்மைக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் பாபி ஜோன்ஸ். கடைசி வரை அமெச்சூராகவே சாம்பியன் பட்டங்களை ஜெயித்தவர். 1925 யு.எஸ். ஓபனின் முதல் சுற்றில், கரட்டுப் புல்லில் கிடந்த பந்தை அடிக்கத் தயாரானபோது அது லேசாக அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. அதிகாரிகள் முடிவை அவரிடமே விட்டார்கள். அசைந்தது எனக்குத் தெரியும் என்று தனக்குத் தானே ஓர் அடி அபராதம் போட்டுக்கொண்டார். நான்கு சுற்றும் முடிந்தபோது வில்லி மெக்ஃபார்லேனோடு சமம். அந்த ஓர் அடி இல்லையென்றால் அப்போதே கோப்பை அவருடையது. சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டமான பிளேஆஃப் வைத்தார்கள், முதல் பதினெட்டிலும் சமம். இரண்டாவது பதினெட்டில் மெக்ஃபார்லேன் ஓர் அடியில் ஜெயித்தார். பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவனைப் பாராட்டுவீர்களா என்று ஜோன்ஸ் கேட்டதாகச் சொல்வார்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1955 முதல் அவர் பெயரிலேயே விளையாட்டுப் பண்புக்கான விருதைக் கொடுத்து வருகிறது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஜோன்ஸ் அன்று செய்தது விதியைக் கடுமையாக அமல்படுத்தியது, அதுவும் தன்மேல். அதையே நாம் பண்பின் உச்சம் என்று கொண்டாடுகிறோம். விதி ஒரு பக்கம், பண்பு இன்னொரு பக்கம் என்று கோடு கிழிப்பவர்கள் ஜோன்ஸை எந்தப் பக்கம் நிறுத்துவார்கள்?

கோல்ஃபில் இது இவ்வளவு அழுத்தமாக இருப்பதற்குக் காரணம், மைதானத்தின் பரப்பு. நூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் இடத்தில், ஆளுக்கொரு திசையில் பந்தைத் தேடிப் புதருக்குள் போகிறார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் நடுவரை அனுப்ப முடியாது. அமெச்சூர் போட்டிகளில் பெரும்பாலான குழுக்களோடு நடுவர் என்று யாரும் போவதே இல்லை. ஆடுகிறவரே தன் நடுவர். எழுதி வைத்த விதிகள் பிறந்ததும் ஒரு போட்டிக்காகத்தான். 1744-ல் எடின்பரோ நகரம் ஒரு வெள்ளி கோல்ஃப் மட்டையைப் பரிசாக அறிவித்தபோது, லீத் திடலில் ஆடிவந்த கனவான்கள் 13 விதிகளை எழுதி வைத்தார்கள். குதிரையோ நாயோ ஆளோ பந்தைத் தடுத்துவிட்டால், கிடக்கும் இடத்திலிருந்தே ஆடு என்பது அதில் ஒன்று. தினமும் பார்க்கிற நண்பர்களுக்குள் வாய்மொழி வழக்கமே போதும். பரிசு என்று ஒன்று வந்து, வெளியாட்களும் வந்து நின்றால், எழுதித்தான் ஆக வேண்டும். இன்றும் அமெச்சூர் போட்டிகளில் உரசல் வருவது இந்த இடத்தில்தான்: நண்பர்கள் ஆட்டத்தின் வழக்கத்தோடு வந்தவரும் புத்தகத்தோடு வந்தவரும் ஒரே குழுவில் சேரும்போது.

ஸ்கோர் கார்டு விவகாரத்திலும் இதே உரசல்தான். உங்கள் கணக்கை எழுதுபவர் உங்களோடு ஆடுபவர், அவர் கணக்கை எழுதுவது நீங்களோ குழுவில் வேறொருவரோ. சுற்று முடிந்ததும் உட்கார்ந்து, ஒவ்வொரு குழிக்கும் எண்ணைச் சரிபார்த்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு குழிக்குக் குறைத்து எழுதிய எண்ணில் கையெழுத்திட்டால் நீக்கம், கூட்டி எழுதியிருந்தால் அந்தக் கூடுதல் எண்ணே நிற்கும். 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் ராபர்ட்டோ டி விசென்ஸோ 17-வது குழியை மூன்று அடியில் முடித்தார், உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. உடன் ஆடிய டாமி ஏரன் கார்டில் நான்கு என்று எழுத, டி விசென்ஸோ கவனிக்காமல் கையெழுத்திட்டார். நான்குதான் நின்றது. பாப் கோல்பியோடு பிளேஆஃப் ஆட வேண்டியவர் ஓர் அடியில் தோற்றார். தவறு தன்னுடையது என்று தன்னையே நொந்துகொண்டாரே தவிர, ஏரன்மேல் பழி போடவில்லை. தொழில்முறை ஆட்டம் என்றாலும், கார்டை மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்திடும் ஒவ்வோர் அமெச்சூருக்கும் சொல்லப்படும் கதை இது.

இதையெல்லாம் பார்த்து, அப்படியானால் எதிராளி தவறு செய்யும்வரை காத்திருந்து, செய்ததும் கையைத் தூக்குவதுதான் கோல்ஃபா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால், பண்பு என்பது உண்மையில் வெளிப்படும் இடம் இங்கேதான். அது தவறு நடந்த பிறகு வருவதில்லை, நடப்பதற்கு அரை நிமிடம் முன்னால் வருகிறது.

2019-ல் விதிகள் மாறியபோது, அபராதமாகவோ நிவாரணமாகவோ பந்தைக் கீழே விடும்போது தோள் உயரத்துக்குப் பதிலாக முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும் என்று ஆயிற்று. முப்பது வருடம் தோளிலிருந்து விட்டுப் பழகியவருக்குக் கை தானாக மேலேதான் போகும். தோளிலிருந்து விட்டதை அடிப்பதற்கு முன் உணர்ந்தால் அபராதமில்லை, மறுபடி முழங்காலிலிருந்து விட்டுக்கொள்ளலாம். உணராமல் அடித்துவிட்டால் ஓர் அடி. அந்த ஆண்டே ரிக்கி ஃபவுலர் போன்ற தேர்ந்த ஆட்டக்காரரே மெக்சிகோவில் இதில் மாட்டினார். இப்போது உங்கள் எதிராளி கையை நீட்டுகிறார், கை தோளுக்குச் சமமாக இருக்கிறது. நீங்கள் பத்தடி தள்ளி நிற்கிறீர்கள். 'முழங்கால், முழங்கால்' என்று சொல்ல ஒரு விநாடி போதும். எந்த மட்டையை எடுக்கலாம், எந்தப் பக்கம் அடிக்கலாம் என்று எதிராளிக்கு யோசனை சொன்னால்தான் குற்றம். விதி என்ன என்று நினைவூட்டுவது யோசனைக் கணக்கில் வராது. ஆக, முன்கூட்டிச் சொல்ல எந்தத் தடையும் இல்லை. சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பேசாமல் நின்று, அவர் அடித்த பிறகு அபராதத்தைக் கேட்டு வாங்கினாலும் நீங்கள் விதியை மீறவில்லை. ஆனால் அடுத்த வாரம் உங்களோடு யார் ஆட வருவார்கள் என்பது வேறு விஷயம்.

மிசூரி விஷயத்தில் எனக்கு 'கொடுக்கவில்லையே' என்று சொன்ன பெண்மேல் கோபம் வராததற்குக் காரணமும் இதுதான். அவர் காத்திருக்கவில்லை, கண்ணி வைக்கவில்லை. முன்கூட்டிச் சொல்ல ஒரு விநாடிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. நடந்த பிறகு பின்னோக்கிப் போய்ப் பந்தைக் கொடுக்க விதியில் இடமில்லை, கொடுப்பதென்றால் எடுப்பதற்கு முன் கொடுத்திருக்க வேண்டும். இழந்ததை அடுத்த குழியில் ஈடுகட்டலாம் என்றால் அடுத்த குழியே இல்லை.

விதிப்புத்தகம் கல்லில் செதுக்கியது என்ற எண்ணமும் சரியில்லை. ஒவ்வொரு பெரிய சர்ச்சைக்குப் பிறகும் அது கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, பெரும்பாலும் இரக்கத்தின் பக்கம். தெரியாமல் விட்ட அபராதத்தோடு கார்டில் கையெழுத்திட்டால் முன்பு நேரே நீக்கம். 2016-ல் அது கூடுதலாக இரண்டு அடி அபராதம் என்று குறைந்தது, 2019 முதல் அந்தக் கூடுதலும் இல்லை, விட்டுப்போன அபராதத்தை மட்டும் சேர்த்தால் போதும். 2016 யு.எஸ். ஓபனில் டஸ்டின் ஜான்சனின் பந்து கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், அசைந்த விவகாரத்துக்குப் பிறகு, கிரீனில் தற்செயலாகப் பந்து அசைந்தால் அபராதமில்லை என்று 2017-ல் உள்ளூர் விதியாக வந்து, பின்னர் நிரந்தர விதியாயிற்று. 2017-ல் லெக்சி தாம்சனுக்கு, முந்தைய நாள் ஒளிபரப்பைப் பார்த்து யாரோ அனுப்பிய மின்னஞ்சலால் நான்கு அடி அபராதம் விழுந்து, பிளேஆஃபில் பட்டம் போனது. அடுத்த ஆண்டு முதல் வீட்டிலிருந்தபடி புகார் செய்யும் கதவு மூடப்பட்டது. வெறும் கண்ணுக்குத் தெரியாததைக் கேமரா பெரிதாக்கிக் காட்டினால் அது மீறலாகாது என்பதும், இடத்தைக் கணிப்பதில் நியாயமாக முயன்றிருந்தால் பின்னர் கொஞ்சம் தவறென்று தெரிந்தாலும் பரவாயில்லை என்பதும் இப்போது புத்தகத்திலேயே இருக்கின்றன. கொடுக்கும் விஷயத்திலும் ஒரு சலுகை உண்டு. எதிராளியின் பேச்சையோ செயலையோ கொடுத்ததாக நியாயமாகத் தவறாகப் புரிந்துகொண்டு பந்தை எடுத்தால் அபராதம் கிடையாது, திரும்ப வைத்து ஆடலாம். எதிராளி கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தால், தவறாகப் புரிந்துகொள்ளப் பேச்சுமில்லை, செயலுமில்லை.

எல்லா இடத்திலும் புத்தகம் இளகிவிடவில்லை. 2020 ஆகஸ்டில் ஓரிகன் மாநிலத்தின் பாண்டன் டூன்ஸில் யு.எஸ். அமெச்சூர் சாம்பியன்ஷிப் நடந்தது. கடைசி 16 பேர் சுற்றில் டைலர் ஸ்ட்ராஃபேசியும் அர்ஜென்டினாவின் செகுண்டோ ஒலிவா பின்டோவும் 18-வது குழி வரை சமம். ஒலிவா பின்டோவின் பந்து பங்கர் என்ற மணல் பள்ளத்தில். அவருடைய மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளரான கேடி பங்கருக்குள் இறங்கி மணலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டார். ஆட்டக்காரர் பந்தை அடிக்கும் முன் மணலைச் சோதிக்கக் கூடாது. கேடி செய்தாலும் ஆட்டக்காரர் செய்ததாகத்தான் கணக்கு. குழி போயிற்று, ஆட்டமும் போயிற்று. ஸ்ட்ராஃபேசி அதன் பிறகு பட்டத்தையே ஜெயித்தார். அவர் விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. ஆட்டம் முழுக்கக் கூடவே வரும் நடுவர் நியமிக்கப்பட்டிருந்தால், தெரியவந்த மீறலின் மேல் நடவடிக்கை எடுப்பது அவர் கடமை. எதிராளியின் தாராளம் அங்கே செல்லாது. கேடியின் கை மணலைத் தொட்ட விநாடியில் ஆட்டக்காரர் இருவரின் கையிலிருந்தும் விஷயம் நழுவிவிட்டது.

அமெச்சூர் உலகத்துக்கே உரிய நோய் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விதியைத் தளர்த்து என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஹேண்டிகேப் முறையில் பலவீனமான ஆட்டக்காரருக்குச் சலுகை அடிகள் உண்டு. அந்தச் சலுகையைப் பெருக்கிக்கொள்ள, சாதாரண நாட்களில் வேண்டுமென்றே மோசமான எண்ணிக்கைகளைப் பதிந்துவிட்டு, பரிசுப் போட்டி அன்று பிரமாதமாக ஆடுகிறவர்கள் எந்தக் கிளப்பிலும் உண்டு. இவர்கள் புதரில் பந்தை நகர்த்த வேண்டியதே இல்லை. சிரித்த முகத்தோடு எல்லாப் பட்டையும் எதிராளிக்குக் கொடுத்து, நல்ல மனிதர் என்ற பெயரும் வாங்கிக்கொள்வார்கள். இவர்களைப் பிடிக்க ஒரே வழி, நண்பர்கள் ஆட்டம் உட்பட, ஒழுங்காக எழுதிய கணக்கு.

கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் எப்போதும் சொல்லப்படும் ஜோடி ஒன்று உண்டு. அமெரிக்க, பிரிட்டிஷ் அணிகள் மோதிய 1969 ரைடர் கோப்பையின் கடைசி ஆட்டம், கடைசி கிரீன். டோனி ஜாக்லினுக்குக் குட்டைப் பட் ஒன்று பாக்கி. ஜாக் நிக்லஸ் ஜாக்லினின் பந்து இருந்த இடத்து அடையாளத்தை எடுத்து நீட்டி, அந்தப் பட்டைக் கொடுத்துவிட்டார். மொத்தக் கோப்பையும் 16-16 என்று சமமானது. நிக்லஸின் அணித் தலைவர் சாம் ஸ்னீடுக்கு அது பிடிக்கவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து, 2019-ல் ஆஸ்டினில், செர்ஜியோ கார்சியா தவறவிட்ட பட்டுக்குப் பிறகு சில அங்குலத்தில் நின்ற பந்தை எரிச்சலோடு புறங்கையால் தட்டினார், அதுவும் உள்ளே போகவில்லை. மேட் கூச்சர் அதை இன்னும் கொடுத்திருக்கவில்லை. அந்தக் குழியை கார்சியா இழந்தார். பதிலுக்கு ஒரு குழியை விட்டுக்கொடுக்கலாமே என்று கார்சியா கேட்டார், கூச்சர் விடவில்லை. அங்கே அடுத்த குழி இருந்தது, அதற்கடுத்ததும் இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று நடந்துகொண்டே யோசிக்க கூச்சருக்கு நேரமும் இருந்தது. மிசூரிப் பெண்ணுக்குக் கிடைக்காதது அதுதான்.